லாபம்

ஏற்காட்டு எஸ்டேட் ஒன்றில் கணக்கு எழுதும் ரைட்டராக இருக்கும் லூர்துராஜ், காப்பிப் பழம் அளக்கும்போது 'ஒன்று' என்று தொடங்கியதே இல்லை. லாபம், ரெண்டு, மூணு என்றுதான் எண்ணுவார். எருசலேம் திருப்பயணத்தில் தன்னோடு வந்த ஆட்களையும் அப்படியேதான் எண்ணினார். அவரைத் தவிர்த்து இருபத்து நான்கு பேர். பெத்லகேமிலும் சரி, கலிலேயாக் கடலில் படகு ஏறியபோதும் சரி, எண்ணிக்கை பிசகவில்லை.

ஆண்டவரின் கல்லறைக்கு அன்று காலையில் முதலில் வந்த கூட்டம் இவர்களுடையதுதான். யாராக இருந்தாலும் குனிந்துதான் நுழைய வேண்டும். எத்தனையோ தலைமுறைக் கைகள் பட்டு வழவழத்துப்போன அந்த வாசற்கல்லை லூர்துராஜுக்குத் தொட்டுத் தொட்டு மாளவில்லை. அங்கேயே நின்று, வெளியே வருகிறவர்களை ஒவ்வொருவராக எண்ணினார். இருபத்து நான்கு. மனம் நிறைந்து பஸ்ஸுக்குத் திரும்பினார்.

முன் சீட்டில் சாந்தாமேரி முட்டியை நீவிக்கொண்டிருந்தாள்.

"நொம்ப வலிங்க ரைட்டரே. நான் பஸ்ஸ உட்டே எறங்கலீங்க."

அப்படியென்றால் கல்லறைக்குப் போனவர்கள் இருபத்து மூன்று பேர்தான். மறுபடி எண்ணினார். பஸ்ஸில் அவளையும் சேர்த்து இருபத்து நான்கு.

பின் சீட்டிலிருந்து ஆன்மேரி கேட்டாள்.

"ஏனுங்க, மொதல்ல உள்ள போயி மொதல்ல வெளிய வந்தது நானுங்க. என்னயப் பாத்து எதுக்குங்க 'ரெண்டு'ன்னீங்க?"

லூர்துராஜ் வந்த வழியைத் திரும்பிப் பார்த்தார். அவளுக்கு முன்னால் ஒருவர் குனிந்து வெளியே வந்திருந்தார். 'லாபம்' என்று இவர் சொன்னதும், பெயர் சொல்லிக் கூப்பிட்டதுபோல் நின்று, இவர் முகத்தைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போனார்.