சேஷன் எரித்த வேஷ்டிகள்

இதை நான் சரியாகச் சொல்வேனா என்று பயமாக இருக்கிறது. முன்பின்னாகச் சொல்லி, சேஷன் மேல் பழி போட்டுவிடக் கூடாது. ஏற்கெனவே ஒரு தரம் போட்டாயிற்று.

சேஷன் என் கணவரின் தம்பி. கரமனையில் எங்களுக்குப் பக்கத்து வீடு. சர்க்கார் அம்மைப்பால் ஆபீசில் உத்தியோகம். அங்கே கன்றுக்குட்டியின் வயிற்றைச் சிரைத்து, கீறி, பசு அம்மையை வளர்ப்பார்கள். அதிலிருந்துதான் வைசூரி வராமல் நமக்குக் குத்துகிற மருந்து.

அவன் தங்கை சாவித்ரி பிரசவத்துக்கு எங்களிடம் வந்திருந்தாள். பெண் குழந்தை. இரண்டு மாதம் ஆகிறது; உடம்பெல்லாம் கரப்பான் புண். சேஷன் ஒருநாள்கூட வந்து பார்க்கவில்லை.

"தாய்மாமனா அவன்? கல்லு!" என்றாள் எதிர்வீட்டு நாகலக்ஷ்மி. நானும் தலையாட்டினேன்.

கரப்பான் உடம்புக்குப் புதுத் துணி உறுத்தும். தாய்மாமன் உடுத்துப் பழசான வேஷ்டியில் தூளி கட்டுவது எங்கள் வழக்கம். ஆள் விட்டுக் கேட்டேன். இல்லை என்று சொல்லி அனுப்பிவிட்டான்.

மறுநாள் காலை அவன் கொல்லையில் புகை. எட்டிப் பார்த்தால், நாலைந்து வேஷ்டிகளைக் குவித்து எரித்துக்கொண்டிருக்கிறான்!

ஓடிப்போய் ஒன்றை உருவினேன். "எரிச்சாலும் எரிப்பே, மருமாளுக்குக் குடுக்க மாட்டியோ?"

"அய்யோ மன்னி, கீழே போடுங்கோ! ஆபீசுக்கு உடுத்திண்டு போனது. அதுல கன்னுக்குட்டி அம்மை இருக்கும்!"

"வெந்நீர்ல அலசினாப் போறது."

"போச்சா போகலையான்னு குழந்தை உடம்புலயா பார்க்கறது? எங்க ஆபீஸ்ல கன்னு பிடிக்கற தாணுவுக்கு விரல்ல ஒரு கொப்புளம்தான் வந்தது. அவன் குழந்தையோட கரப்பான்ல அது ஏறி, உடம்பு பூரா அம்மை. உசிர் தப்பிச்சுது, கண்ணு போச்சு. மாட்டுலேருந்து மனுஷாளுக்கு எப்படித் தாவறதுன்னு எங்க டாக்டர் ஆறு மாசமா அதையேதான் ஆராயறார்."

வேஷ்டியை மேலே படாமல் தள்ளிப் பிடித்தேன். "முன்னாடியே சொல்றதுக்கு என்னடா?"

"சொன்னா சாவித்ரி பயந்துடுவா. பச்சை உடம்பு. உங்ககிட்ட சொன்னா கரமனையே பயந்துடும்."

சிரித்தான். கண் மட்டும் எங்கள் வீட்டுப் பக்கமே இருந்தது.

"மூக்கு யார் மாதிரி, மன்னி?"

"உன் மூக்குதான். பாவம்."

வேஷ்டியைத் தீயில் போட்டேன். ஆனால் அதைத் தொட்ட கையோடு குழந்தையிடம் எப்படிப் போவது? சாவித்ரியைப் பார்த்துக்கொள்ள நாகலக்ஷ்மியை அனுப்பிவிட்டு, கரப்பான் ஆறும்வரை மூன்று வாரம் சேஷன் வீட்டிலேயே தங்கிவிட்டேன்.

"நாத்தனார் குழந்தைக்குச் செய்ய உடம்பு வணங்கலை அவளுக்கு" என்று நாகலக்ஷ்மி தெருவெல்லாம் சொன்னாள்.

சாவித்ரி பயந்துவிடுவாளே என்று நான் வாயைத் திறக்கவில்லை.