ஒரு சொட்டுக்கூட இல்லை

"பன்னெண்டு மணிக்குத் தொரை வந்துருவாரு தம்பி. சீக்கிரம்!" பங்களா கார் ஷெட்டு வாசலில் நின்று பாதையையே பார்த்துக்கொண்டிருந்தார் மாடசாமி.

"நீங்க நடுங்கி என்னையும் நடுங்க வைக்காதீங்க மாமா." தோட்டத்தை நடத்தும் துரையின் பழைய ஒஸ்டின் காருக்கு அடியில் படுத்திருந்தான் தேயிலை ஃபேக்டரி ஃபிட்டர் தனபாலன்.

நேற்றுக் கொழுந்து பறிக்கும்போது மாடசாமியின் மனைவி வேலாயியைக் குளவிக் கூட்டம் கொட்டிவிட்டது. தோட்டத்து லொறி இல்லை. துரையும் கொழும்பு போயிருந்தார். கேட்காமலே அவர் காரை எடுத்து, வேலாயியைப் பதுளை ஆஸ்பத்திரியில் சேர்த்தான் தனபாலன். அவள் பிழைத்தாள். திரும்பும் வழியில் எஞ்சினின் எண்ணெய்த் தொட்டியில் கல் அடித்து, ஒழுகாமல் அடைக்கும் கேஸ்கட் கிழிந்து எண்ணெய் கொட்டியது.

"தெரிஞ்சா என்னா செய்வாரு?"

"வேலையும் போகும், தோட்டம் குடுத்த லயத்து வீடும் போகும் மாமா."

தேயிலையில் எண்ணெய் பட்டால் ஃபேக்டரியில் யாரும் மன்னிக்கமாட்டார்கள். அந்தப் பழக்கத்தில் புதுக் கேஸ்கட் வெட்டி வைத்து, ஒவ்வொரு போல்டையும் இரண்டு தடவை இறுக்கினான். எஞ்சினை ஓடவிட்டுப் பார்த்தான். ஒரு சொட்டுக்கூட ஒழுகவில்லை.

கிளம்பும்போதே துரையின் ஜீப் வந்துவிட்டது.

"இங்க என்னா வேலை?"

"ஷெட்டுக் கதவு பாக்க வந்தோங்க தொரை" என்றான் தனபாலன்.

துரை காருக்கு அடியில் குனிந்தார். எஞ்சினின் அடியைக் கையால் தடவினார்; விரலில் எண்ணெய் ஒட்டவில்லை. நிமிர்ந்தபோது முகம் மாறியிருந்தது.

"எங்க அப்பா வாங்கின நாள்லேருந்து இது ஒழுகிக்கிட்டேதான் இருந்திச்சு. எந்த மெக்கானிக்காலயும் நிப்பாட்ட முடியல. சொல்லு தனபாலன், காரை எங்க கொண்டுபோனே?"