இடது பக்கத்து சீட்

“ஒரு குறைகூடவா இல்ல, பாய்?”

தமிழ்மணியின் குரலில் ஏமாற்றம் தெரிந்தது. புது பிக்கப்பின் அடியிலிருந்து ஊர்ந்து வெளியே வந்த அப்துல் பாரிக்கு அது விசித்திரமாக இருந்தது. வாங்க வருகிறவர்களுக்காக வண்டியைச் சோதித்துச் சொல்வது அவர் தொழில். குறையில்லை என்றால் எல்லோர் முகமும் மலரும். இந்த ஆளுக்கு வாடுகிறதே!

“இருந்தா மறைப்பேனா, கோ மணி? நீங்களே கேளுங்க.” பர்மாவில் அண்ணன் என்பதற்குச் சொல்லும் ‘கோ’வைச் சேர்த்துக் கூப்பிட்டபடி, கையிலிருந்த சின்னச் சுத்தியலால் வண்டியின் அடிச்சட்டத்தைத் தட்டினார். “டிங்! கோயில் மணி மாதிரி இல்ல?”

தின்கன்ஜூன் வட்டாரத்தில் இருந்த அந்த வண்டி விற்பனை முற்றத்தில் இரண்டு பெரிய பிக்கப்புகள் அருகருகே நின்றன. ஒன்று புதிது. மற்றொன்று ஜப்பானில் ஓடிக் களைத்துக் கப்பலேறி வந்தது. பாரி பழையதின் அடியிலும் தட்டினார்.

“இதுவும் டிங். இந்த மூலை மட்டும் ‘தொப்’புங்குது பாருங்க. துருவுக்கு மேல பட்டி வச்சுப் பூசியிருக்கான். வெட்டிட்டுப் புதுத் தகடு வச்சுப் பத்தவைக்கணும். மத்தபடி எஞ்சின் சுத்தம். சமையல் அண்டா எத்தனை ஏத்தினாலும் அடியில இருக்கிற பட்டை ஸ்பிரிங் தாங்கும்.”

“அப்ப பழசே போதும் பாய்.”

“போதுமா? ஸ்டியரிங் எந்தப் பக்கம் இருக்குன்னு பாத்தீங்களா?”

“வலது பக்கம். அதனால என்ன?”

இப்படி ஒரு கேள்விக்காகவே பாரி காத்திருப்பார். வெற்றிலை டப்பாவை எடுத்து பானட்டின் மேல் வைத்தார். அதன் பின்னால் சாவிக்கொத்து.

“டப்பா பஸ். சாவி உங்க வண்டி. நம்ம ஊர்ல ரோட்டுக்கு வலது பக்கமாப் போறோம். உங்களுக்கு ஸ்டியரிங்கும் வலது பக்கம். பஸ்ஸைத் தாண்டணும்னா, எதிர்ல வர்றவன் உங்க கண்ணுக்குத் தெரியவே மாட்டான். இடது சீட்ல இருக்கிறவங்களுக்குத்தான் தெரியும். அவங்க ‘போ’ன்னா போகணும், ‘இரு’ன்னா இருக்கணும். புது வண்டியில ஸ்டியரிங்கே இடது பக்கம். யாரும் சொல்ல வேண்டியதில்ல.” டப்பாவைச் சுற்றிச் சாவியை ஓட்டிக் காட்டினார். “முன்னால நீங்க வச்சிருந்த வலது ஸ்டியரிங் வண்டி எப்படிப் போச்சு?”

தமிழ்மணி தலையைக் குனிந்துகொண்டான். “பஸ்ஸைத் தாண்டறப்பதான். எதிர்ல லாரி. ஒடிச்சேன், வாய்க்கால்ல இறங்கிடுச்சு.”

“அண்டாவெல்லாம் ரோட்ல உருண்டுச்சு பாய்!” என்றாள் அவன் மனைவி அம்சவேணி. விருந்துகளுக்குச் சமைப்பவள் அவள். பாத்திரங்களையும் சாப்பாட்டையும் ஏற்றிப் போய் இறக்குபவன் அவன். “உசிரு தப்பினதே பெரிசு.”

“பாத்தீங்களா! அதுக்கப்புறமும் வலது பக்க ஸ்டியரிங் கேக்கறீங்களே, வாய்க்கால் மேல அப்படி என்ன ஆசை?”

அம்சவேணி சிரிக்கவில்லை. “இடது பக்க ஸ்டியரிங்னா தனியாவே ஓட்டிட்டுப் போயிடலாமா பாய்? பக்கத்துல ஆளே வேணாமா?”

“வேணவே வேணாம்மா.”

“அப்ப அதையே முடிங்க.”

“வேணி, பழசையும் ஒரு தடவை ஓட்டிப் பாத்திடலாமே?” என்றான் தமிழ்மணி கெஞ்சலாக.

“ஓட்டிப் பாக்கட்டுமே பாய், அதுல என்ன?” என்றாள் அவள்.

பாரிக்கு இன்னொரு யோசனை வந்தது. “வலதுதான் வேணும்னா ஒண்ணு செய்யலாம். முன்னால இடது மூலையில ஒரு சின்ன கேமரா மாட்டிட்டா...”

“கேமரா வேணாம்!” தமிழ்மணி போட்ட சத்தத்தில் முற்றத்துக் காவலாளி திரும்பிப் பார்த்தான்.

பின் அச்சில் ஏதாவது முனகல் வருகிறதா என்று கேட்க வேண்டும் என்று பாரி பின் சீட்டில் ஏறிக்கொண்டார். அம்சவேணிக்கு முன்னால் இடது பக்கம்தான் மிச்சம். கொஞ்சம் தயங்கிவிட்டு ஏறினாள்.

தாகேதா பக்கம் போகும் குறுகலான சாலை. கொஞ்ச தூரத்திலேயே ஒரு பஸ் முன்னால் வந்து மாட்டிக்கொண்டது. அது ஆமையாக ஊர்ந்தது. பின்னால் டாக்சிகள் ஹார்ன் அடித்தன. பாரி இடது ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார். சாலை காலியாக இருந்தது.

“காலி! போ...”

“நீங்க சொல்லாதீங்க பாய்,” என்றான் தமிழ்மணி.

பாரி தலையை உள்ளே இழுத்துக்கொண்டார். வண்டி பஸ்ஸின் வாலையே பிடித்துக்கொண்டு போனது. ஹார்ன் சத்தம் காதைக் கிழித்தது. தமிழ்மணி வண்டியை லேசாக இடது பக்கம் எடுத்தான்.

“இருங்க!”

அம்சவேணிதான். அவன் சட்டென்று உள்ளே ஒதுங்கினான். ஒரு லாரி இரைந்துகொண்டு எதிரே கடந்து போனது. அவள் கழுத்தை நீட்டிப் பார்த்தாள்.

“இப்பப் போங்க. ம்... போங்க, போங்க!”

பஸ்ஸைத் தாண்டியதும் தமிழ்மணி சட்டைக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

“இதையே முடிச்சிடுங்க பாய்.”

“அட, இவ்வளவு எடுத்துச் சொல்லியுமா?”

“அன்னிக்கும் இவ ‘இருங்க’ன்னுதான் சொன்னா, நான்தான் கேக்கல. வண்டி வாய்க்கால்ல விழுந்ததுக்கப்புறம் இவ என்கிட்ட வாயைத் திறந்து பேசறது இப்பத்தான் பாய்.”

“பாய்கிட்ட கதை போதும்,” என்றாள் அம்சவேணி, அவன் பக்கம் திரும்பி. “ரோட்டைப் பாத்து ஓட்டுங்க.”