புது வரியில் ஒரு வேலை

"வேலை நிரந்தரமாயிடுச்சுடி!" என்று கத்திக்கொண்டே வீட்டுக்குள் ஓடிவந்தான், அரசாங்கத் தண்ணீர்த் தொட்டியில் மோட்டார் ஓட்டுகிறவன். எட்டு வருடமாகத் தினக்கூலி. எந்த நாளிலும் வேலையை விட்டுப் போகச் சொல்லிவிடலாம்.

மனைவி நம்பவில்லை. "தண்ணிக்குன்னு போட்ட புது வரிப் பணத்துல ஆள் எடுக்கக்கூடாது, சாமான்தான் வாங்கலாம்னு சட்டமே இருக்குன்னு நேத்து மூஞ்சியைத் தொங்கப்போட்டீங்களே?"

"நம்ம ஆபீசர் லேசுப்பட்ட ஆளா? பத்து வருஷத்துக்கு என்னை எவனும் அசைக்க முடியாது!"

"வாய்ப்பந்தல் போடாதீங்க. ஆர்டரைக் காட்டுங்க."

அவன் நீட்டிய காகிதத்தை எழுத்துக்கூட்டிப் படித்தாள். அது வேலை உத்தரவே அல்ல, கடை பில்.

'புது மோட்டார் ஒன்று. அதோடு சேர்ந்தவை: குழாய் இரண்டு, சுவிட்ச் ஒன்று, ஓட்டுகிற ஆள் ஒன்று, சம்பளம் உட்பட. உத்தரவாதம் பத்து வருடம்.'

அவளால் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"ஏங்க, நடுவுல நீங்க ரிப்பேரானா எனக்குப் புதுசு மாத்திக் கொடுப்பாங்களா?"