நீட்டிய பிள்ளை

மாரிக்கனி பிள்ளையை நீட்டினாள்.

நர்ஸ் வாங்கிக்கொள்ளவில்லை. இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"ஒரு தடவ தூக்குங்க சிஸ்டர். வீட்டுக்குக் கிளம்பிட்டோம்."

பச்சிளங்குழந்தைகள் வார்டின் வாசல். நேற்று மாலையிலிருந்து நர்ஸ் உள்ளே போகக்கூடாது. அலமாரிச் சாவியை ஒப்படைக்க மட்டும் வந்திருந்தாள். கொடுத்துவிட்டுத் திரும்பும்போதுதான் மாரிக்கனியும் அவள் மாமியாரும் எதிரே வந்துவிட்டார்கள்.

பிள்ளை தூங்கிக்கொண்டிருந்தான். புறங்கையில் ஊசி இருந்த இடம் இன்னும் கன்றிப்போயிருந்தது.

வார்டில் சில குழந்தைகளுக்குக் கொப்புளம் வந்தது. மற்றவர்களுக்கு மேலோடு போயிற்று. இவனுக்கு மட்டும் ரத்தத்தில் ஏறியது. பால் குடிக்க மறந்து, அழ மறந்து கிடந்தான். நர்ஸ்தான் மடியில் போட்டுப் பாலாடையால் சொட்டுச் சொட்டாகப் புகட்டினாள். எல்லோரும் பயந்த நாட்களில் மாரிக்கனி டாக்டரின் முகத்தைப் பார்க்கவில்லை. இவள் முகத்தைத்தான் பார்த்தாள்.

கிருமி எங்கிருந்து வந்தது என்று தேடினார்கள். தொட்டிலில், தண்ணீர்க் குழாயில், எண்ணெய்ப் புட்டியில். கடைசியில் வார்டில் வேலை செய்கிற எல்லோருடைய மூக்கிலும் பஞ்சுக் குச்சியை விட்டு எடுத்துப் பார்த்தார்கள்.

அவளுடையதில் இருந்தது.

லேப் டாக்டரம்மா தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். "உங்க தப்பு இல்லம்மா. நிறைய பேர் மூக்குல இது சும்மாவே இருக்கும். கொஞ்ச நாள் ஆயின்மென்ட் போடுங்க. மறுபடி டெஸ்ட் எடுத்துட்டு வார்டுக்கு வரலாம். அதுவரைக்கும் குழந்தைங்ககிட்டப் போக வேண்டாம்."

தப்பு இல்லை என்றதற்கு அவள் தலையாட்டினாள்.

மாஸ்க்கைப் பற்றி வாய் திறக்கவில்லை.

கொப்புளம் வருவதற்கு முன்னால் இவன் ஓயாமல் அழுவான். மாஸ்க்கைக் கீழே இறக்கி முகத்தைக் காட்டுவாள். காட்டினால் அடங்குவான். வேர்வையில் மூக்கு அரிக்கும். கையாலேயே தேய்த்துக்கொள்வாள். அதே கை அவன் கன்னத்துக்குப் போகும்.

ஊரையெல்லாம் வாசலில் நிறுத்திக் கை கழுவ வைத்தவள்.

"சிஸ்டர்?"

மாரிக்கனியின் கைகள் நீண்டபடியே இருந்தன.

சொல்லிவிடலாம். ஒரே வரிதான். ஆனால் பெஞ்சில் மற்றத் தாய்மார்கள் உட்கார்ந்திருந்தார்கள். செக்யூரிட்டி நின்றிருந்தார். கூட வேலை பார்ப்பவள் ஒருத்தி கதவு இடுக்கில் எட்டிப் பார்த்தாள்.

"வேண்டாம்மா. எடுத்துட்டுப் போ."

சொல்லிக்கொண்டே ஓரடி பின்னால் நகர்ந்தாள்.

மாரிக்கனியின் முகம் சுருங்கியது. கைகளை மெல்ல மடக்கிப் பிள்ளையை நெஞ்சோடு சேர்த்தாள். துண்டு நன்றாகத்தான் இருந்தது. இருந்தும் சரிசெய்தாள்.

"குளிப்பாட்டித்தான் சிஸ்டர் கொண்டாந்தேன்."

அவளுக்குச் சட்டென்று விளங்கவில்லை.

மாமியார் பையைத் தோளில் மாட்டினாள். "வா புள்ள. நாம காலனின்னு யாராச்சும் சொல்லிருப்பாக. அன்னைக்கே நம்மள ரெண்டு தரம் கை கழுவ வச்சாகல்ல."

எல்லோரையும்தான் இரண்டு தரம் கழுவ வைத்தாள். அதை இப்போது எந்த முகத்தோடு சொல்வது?

இருவரும் படியிறங்கினார்கள். மாரிக்கனி திரும்பிப் பார்க்கவில்லை.

போகட்டும் என்று ஒரு நினைப்பு வந்தது. அப்படியே நினைத்துக்கொண்டு போகட்டும். கிருமி விஷயம் இவர்களுக்குத் தெரியாமலே போய்விடும்.

நினைத்த மாத்திரத்தில் அவளுக்கு உடம்பு கூசியது.

ஓடினாள்.

கேட்டுக்கு வெளியே ஷேர் ஆட்டோவில் ஏறப்போனவர்களைப் பிடித்தாள். மூச்சு வாங்கியது. கிட்டே போகாமல் தள்ளியே நின்றாள்.

"மாரிக்கனி. அந்தக் கிருமி என் மூக்குல இருந்திருக்கு. டெஸ்ட்ல தெரிஞ்சிருச்சு. மாஸ்க்க எறக்கி விட்டுட்டு, மூக்கத் தொட்ட கையால அவனத் தொட்டிருக்கேன். உன் புள்ள அவ்வளவு பாடுபட்டது என்னாலதான். அதான் தூக்கல. வேற ஒண்ணும் இல்ல."

ஆட்டோக்காரர் திரும்பிப் பார்த்தார். மாமியார் வாயில் கைவைத்தாள்.

திட்டு விழும் என்று நின்றாள். அடியே விழுந்தாலும் சரி என்றிருந்தது.

மாரிக்கனி அவளையே பார்த்தாள். பிள்ளையின் கன்றிய கையைப் பார்த்தாள். மறுபடி அவளைப் பார்த்தாள்.

இறுகியிருந்த முகம் மெல்லத் தளர்ந்தது.

"அவ்வளவுதானா சிஸ்டர்?"

பெரிதாக ஒரு மூச்சு விட்டாள். சிரிக்கக்கூடச் செய்தாள்.

"நான் வேற என்னமோ நெனச்சுட்டேன்."

ஆட்டோ புறப்பட்டுப் போன பிறகும் அவளால் தலை நிமிர முடியவில்லை.