இடது மணிக்கட்டில் மட்டும்

போன மார்கழியில் ஏரிக்குப் போன புருஷன் திரும்பவில்லை. அவன் வாங்கித் தந்த சென்ட்டை இடது மணிக்கட்டில் மட்டும் பூசிக்கொண்டுதான் மங்கம்மா தினமும் அதே ஏரியில் கையால் இறால் பிடிக்க இறங்குவாள். பனியில் நனைந்த பூவும் கஸ்தூரியுமாக அது சில்லென்று மணக்கும்.

“புருஷன் இல்லாதவளுக்கு இன்னாத்துக்குடி சென்ட்டு?” என்பாள் நாத்தனார் தேசம்மா.

“உனக்காகவா பூசிக்கினேன்?”

அன்று கழுத்தளவு தண்ணீரில், இறால் போடும் ஓலைப்பறியை வாயில் கவ்வியபடி, மதியம்வரை சேற்றைத் துழாவினாள். கரையேறும்போது தேசம்மா அவள் வலது கையைப் பிடித்துத் தூக்கிவிட்டு முகம் சுளித்தாள். “இந்தக் கையிலயுமா பூசிக்கினே?”

மங்கம்மா முகர்ந்தாள். அதே மணம். சேறு படிந்த மணிக்கட்டைச் சுற்றி நான்கு விரல்களின் தடம், தேசம்மாவுடையதைவிடப் பெரியது.

பறியை வாயிலிருந்து எடுத்துவிட்டு, ஏரியைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னாள்: “நாளைக்குக் கழுத்துல பூசிக்கினு வரேன்.”