பேய் கேம்

நாகர்கோவில் கல்லூரியில் வீடியோ கேம் உருவாக்கும் படிப்பில் சுஜினுக்கு இது கடைசி வருடம். அவன் செய்த கேமை, சென்னையிலிருந்து வந்திருந்த தேர்வாளர் விளையாடிப் பார்த்தார்.

கேமில் ஒரு பையன் கல்லூரி விட்டு வீட்டுக்குள் நுழைகிறான். அப்பா டிவி பார்க்கிறார். அம்மா தங்கைக்குச் சோறு போடுகிறாள். பட்டனை அமுக்கினால் பையன், “அம்மா” என்கிறான். யாரும் திரும்பவில்லை.

தேர்வாளர் மறுபடியும் அமுக்கினார்.

“ஏம்ப்பா, இவங்க பதில் சொல்ற மாதிரி கோடிங் எழுத மறந்துட்டியா?”

“இல்ல சார். அப்படித்தான்.”

பையனைச் சமையலறைக்குள் நடத்தினார். மூலையில் ஒரு தட்டு மூடி வைக்கப்பட்டிருந்தது. அவர் முகம் மலர்ந்தது.

“புரிஞ்சிருச்சு. இவன் செத்துட்டான், அது அவனுக்கே தெரியல. இந்தத் தட்டு அவனுக்கு வச்ச படையல். பிரமாதமான பேய்க் கதைப்பா.”

முதல் மார்க் சுஜினுக்குத்தான்.

வெளியே வந்ததும் கூடப் படிக்கும் ஜிஷா கேட்டாள். “ஏலே, பேய்க் கதைன்னு எங்கிட்ட சொல்லவே இல்லியே?”

“எனக்கே இப்பந்தான் தெரியும்.”

பூதப்பாண்டி பஸ் பிடித்து வீட்டுக்குப் போனான். அப்பா டிவி பார்த்துக்கொண்டிருந்தார். அவர் பிடித்துக் கொடுத்த நர்சிங் சீட்டை வேண்டாமென்று இந்தப் படிப்பில் சேர்ந்த நாளிலிருந்து அவர் அவனிடம் பேசுவதில்லை. அவருக்குப் பயந்து மற்றவர்களும் பேசுவதில்லை. அம்மா தங்கைக்குச் சோறு போட்டுக்கொண்டிருந்தாள்.

“அம்மா, எனக்குத்தான் முதல் மார்க்கு.”

யாரும் திரும்பவில்லை.

சுஜின் சமையலறைக்குப் போய், மூலையில் மூடி வைத்திருந்த தட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தான்.